ரசமட்டம்

பள்ளிக்கூட வண்டியாக இருபது வருடம் ஓடியது.
சுரண்டச் சுரண்ட
மஞ்சளுக்கு அடியிலும் மஞ்சள்.
செட்டில்மென்ட் பணத்தில் பாதி நான், பாதி பர்வீன்.
ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில்
பத்தொன்பது வருடம் ஒரே மேசை.

"ரெண்டு பொம்பளைங்க வண்டிக்குள்ள வீடு கட்டி
எங்க போகப் போறீங்க?"
ஆம்பூரில் கேட்காத ஆள் இல்லை.
"அலமாரி முடியட்டும்" என்பாள் பர்வீன்,
அலமாரி என்று ஒரு ஊர் இருப்பது மாதிரி.

வேலூரில் வாங்கிவந்த ப்ளைவுட்டுக்கு
நான்கு மூலையும் நேர்.
வண்டியில் ஒரு மூலையும் நேரில்லை.
சுவர் ஏற ஏற உள்ளே சாய்கிறது,
கூரை வளைகிறது,
பின்சக்கரத்தின் மேடு
குந்தி உட்கார்ந்தவன் முட்டி மாதிரி
அடுப்பு வைக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது.
தச்சர் ஒருவர் வந்தார்.
டேப்பை இழுத்தார், விட்டார்.
"இதுக்கு நீள அகலமே கிடையாதும்மா" என்று
டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எங்களுக்குச் சிரிப்பு.
கால் மட்டும் என்ன, பெட்டியா?
பாதத்து மேட்டுக்கும் குதிகால் பள்ளத்துக்கும்
தட்டைத் தோலை வெட்டித் தந்தவர்கள்தானே நாங்கள்.
ஷூ டப்பா அட்டைகளைப் பிரித்துச் சுவரில் சாய்த்தோம்.
காம்பஸின் ஒரு முனை தகரத்தில் ஊர
பென்சில் முனை அதே வளைவை
அட்டையில் எழுதிக்கொண்டே வந்தது.
வெட்டு. வை. பார். இரண்டு நூல் சீவு.
ஏழாவது அட்டை
கையை எடுத்தும் விழாமல் நின்றது.
"சைஸ் முப்பத்தெட்டு" என்றாள் பர்வீன்,
"இடது கால்."

வேலூர் வெயிலை வெளியே நின்று திட்டுகிறவர்கள்
மதியம் இந்தத் தகரத்துக்குள் வந்து
ஒரே ஒரு திருகாணி முடுக்கிப் பார்க்கட்டும்.

பக்கத் தகடு கழற்றிய அன்று
இடுக்கிலிருந்து விழுந்தது
எட்டாய் மடித்த டைரித் தாள்.
"கணக்கு நோட்டு கொண்டு வரவில்லை.
பெற்றோர் கையொப்பம்:"
அதற்கு எதிரே ஒன்றுமில்லை.
எந்த வருடத்துப் பயமோ.
பர்வீன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்
கையெழுத்துப் போட்டாள்.
தேதி கேட்டாள், சொன்னேன், அதையும் போட்டாள்.
சமையல் அலமாரியின் முதுகுக்குள் அதை வைத்து
பலகையை அறைந்தோம்.

எல்லாமே ரசமட்டம் வைத்துத்தான் பூட்டினோம்.
குமிழி நடுவில் நிற்காமல்
ஒரு ஆணி உள்ளே போனதில்லை.
முடிந்த அன்று பைபாஸில்
பெட்ரோல் பங்கின் சிமென்ட் தரையில் நிறுத்தினேன்.
ஆறு கதவும் ஒன்றாகத் திறந்தன.
மல்லித்தூள் டப்பா உருண்டு வந்து
பிரேக்குக்கு அடியில் நின்றது.

அப்போதுதான் உறைத்தது.
நாங்கள் வேலை பார்த்த மனை
பாலாற்றுப் பக்கம் சாய்ந்த மனை.
நான்கு மாதம் நேர் பார்த்ததெல்லாம்
அந்தச் சரிவில் நின்றபடி.
பர்வீன் எதுவும் பேசவில்லை.
காற்றடிக்கிற பையன் பயந்துபோகும் அளவுக்கு
பிறகு சிரித்தாள்.

மறுபடி கழற்றினோம்.
ரசமட்டத்தை ஆணி டப்பாவுக்குள் போட்டுவிட்டு
வண்டியின் தரையிலிருந்தே அளந்தோம்.
அது சாய்ந்தால் அலமாரியும் கூடச் சாயட்டும்.
தாழ்ப்பாள் போதாத கதவுகளுக்குத்
தோல் வார் தைத்துப் பக்கிள் போட்டாள் பர்வீன்.
இரட்டைத் தையல், விளிம்பு மடித்து,
கம்பெனிக்குக்கூட இப்படித் தைத்ததில்லை.

நேற்று பள்ளிகொண்டா டோல் வரை போனோம்.
ஐந்து கதவு வாயைத் திறக்கவில்லை.
ஆறாவது,
இடது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம்
பக்கிளை மீறி ஒரு விரல் திறந்து மூடுகிறது.
டோல் பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்,
அடுப்பு, அலமாரி, நாங்கள்.
"எங்கக்கா போறீங்க?"
முட்டியால் அந்தக் கதவை அழுத்திக்கொண்டு
பர்வீன் சொன்னாள்,
"வலது பக்கம்."